ஏலாது என்றால் ஏலம்

செவ்வாய்க்கிழமை

போன மாதம் எங்கள் மீன் கம்பனி மனேஜர் எல்லோருக்கும் தொடுதிரைப் போன் வாங்கினார். பொத்தான் போன் போதும், அதில் நாம் அழுத்திய எழுத்துத்தான் போகும் என்று அப்போதே சொன்னேன். "நீங்கள் இன்னும் பழைய காலத்திலதான் இருக்கிறியள், தங்கச்சி" என்று சிரித்தார். பளபளப்பைப் பார்த்துத் தொழிலுக்குப் போன் எடுக்கிற மனிதர்.

இன்று ஐஸ் மெஷின் பழுது. மீனைக் கொண்டுவர வேண்டாம் என்று நிலாவெளியில் வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமாரின் போன் குழுவுக்குக் காலையில் அவரே எழுதினார்: "இண்டைக்கு ஏலாது." அந்தக் கெட்டிக்காரப் போனுக்கு 'முடியாது' என்பதற்கு நாம் சொல்லும் 'ஏலாது' தெரியாது. அதை 'ஏலம்' என்று திருத்தியது. திருவாளர் வாசித்தும் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

பத்து மணிக்கு ஒரு லொறி நிறைய மீன் வாசலில் நின்றது. "ஏலம் எண்டு போட்டது நீங்கள்தானே?" என்று வந்த சம்மாட்டி போனை நீட்டினார்.

"அது போன் விட்ட பிழை" என்றார் மனேஜர், கண்ணாடியைத் துடைத்தபடி. வெட்கம் என்பது அவருக்கு இன்னும் வாங்கிக் கொடுக்கப்படவில்லை.

ஐஸ் எங்கும் கிடைக்கவில்லை. பின்னேரம் பாதி மீனைக் கடற்கரையில் புதைத்தார்கள்.

அந்தக் குழுவில் நானும் இருப்பதால் செய்தி காலையிலேயே எனக்கும் வந்தது. பிழை என்று உடனே விளங்கியது. அவர் அவமானப்படட்டும் என்று பேசாமல் தேநீர் குடித்தேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சம்மாட்டி கேட்டார், "உங்களுக்காவது அது பிழை எண்டு தெரியேல்லையோ, பிள்ளை?"

"தெரியாது ஐயா" என்றேன்.

அதை எந்தப் போனும் திருத்தவில்லை.