அரைப் பக்கத்துக்காகச் செத்தவள்

திங்கட்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

வார இதழில் போட்டிருக்கிறபடி காலமாகிவிட்ட உன் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லை. செத்த பிறகாவது அது போகும் என்று நினைத்திருந்தேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஊருக்கே ஆக்கிப் போடுகிறவன் நின்றுகொண்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று நீ போனில் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ உன்னை அதட்டிக் கூப்பிடும் சத்தம். அது இல்லாவிட்டாலும் போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை குறுக்கே விடுவாய். கடிதத்தில் அது நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

அந்த இதழைக் கொண்டுவந்தவர் நம் கீழ் வீட்டுத் தையற்காரர். டிரைவரம்மா, உங்க பையன் படம் வந்திருக்கு என்று படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். உங்கள் நகரத்தில் இந்த வருடம் கட்டாயம் போய்ச் சாப்பிட வேண்டிய இடங்கள் என்று ஒரு கட்டுரை. முக்கால்வாசி ஹோட்டல்களுக்கு ரெண்டு மூன்று வரிதான். உங்களுக்கு மட்டும் அரைப் பக்கம். வெள்ளைக் கோட்டோடு கையைக் கட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். எனக்கு வாயெல்லாம் பல். தையற்காரர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, கண்ணாடி சரியில்ல என்று சாக்குச் சொன்னார். நான் பிடுங்கிப் படித்தேன்.

மறைந்த தாயின் அடுப்பிலிருந்து ஒரு சூப் என்று தலைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனுக்காக அம்மா அடுப்படியிலேயே காத்திருப்பாளாம். வெங்காயத்தைத் தீயில் கறுக்கச் சுட்டு சூப்பில் போடுவாளாம். அந்த ருசியை மட்டும் மகன் நாக்கில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாளாம். படிக்கப் படிக்க எனக்கே அழுகை வந்துவிட்டது. யாரோ நல்ல மனுஷி போலிருக்கிறது, பாவம்.

உங்கள் ஹோட்டல் விளம்பரப் பிரிவுப் பெண்தான் இப்படி எழுதிக் கொடுத்தாள் என்று சொன்னாய். நீ அவளிடம் அப்பாதான் சமைப்பார் என்று உண்மையைத்தான் சொன்னாயாம். அப்பா சமைச்சா அது செய்தியே இல்ல சார், அம்மா கைன்னாதான் பத்திரிகைக்காரங்க திரும்பிப் பாப்பாங்க, அதுவும் உயிரோட இருந்தா ஒரு வரி, இல்லேன்னா அரைப் பக்கம் என்று அவள் சொன்னாளாம். கெட்டிக்காரி. கணக்குத் தப்பவில்லை. அவள் எழுதியதை நீ பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாய்.

இப்போது டிவிக்காரர்கள் வெள்ளிக்கிழமை இங்கே வந்து அந்த அடுப்படியைப் படம் பிடிக்கப் போகிறார்கள். அதற்காக நான் ரெண்டு நாள் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். உண்மை வெளியே வந்தால் உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் வேலை போய்விடும், புகழ்ந்து எழுதிய அதே இதழ் உன் படத்தை மறுபடி போட்டுப் பொய்யன் என்று எழுதும், உன் கீழே வேலை செய்கிறவர்கள் எல்லாம் தெருவில் நிற்பார்கள் என்றாய். உன் குரல் நடுங்கியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பேசுவாய்.

உன் சித்தியிடம் சொன்னேன். வந்து ரெண்டு நாள் செத்தவ மாதிரி சும்மா படுத்துக் கிட, உனக்கும் ஓய்வுதான் என்கிறாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. தையற்காரர் இன்னொரு பக்கம் கொதிக்கிறார். இதழுக்கு மறுப்புக் கடிதம் எழுதியே தீருவாராம். டிவிக்காரன் மட்டும் இந்தப் படியில கால் வைக்கட்டும், நான் பேசிக்கிறேன் என்று கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு சொல்கிறார். அவர் வாயை அடைக்க என்னால் ஆகாது.

நீ என்னைச் சாகவிட்டதில் எனக்குக் கோபம் இல்லையடா. வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவள் நான். குறுக்கே வந்து விழுகிறவன்கூட என்னைத்தான் நாசமாய்ப் போ என்று திட்டுவான். எல்லாம் பழக்கம்தான். நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்ட உன் அப்பா கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தீர்கள் பார், அதுதான் பொறுக்கவில்லை. நான் அடுப்படியில் எப்போதடா நின்றேன்? வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும் என்று அவர் கேலி செய்வார். காலையில் இருட்டோடு நான் பணிமனைக்குப் போய்விடுவேன். பழுது பார்க்க வந்த ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர் அவர். உனக்குச் சோறு ஊட்டியதும் அவர்தான், எனக்கு எடுத்து வைத்ததும் அவர்தான்.

அந்த மழை நாள் உனக்கு மறந்துபோயிருக்காது. பாலத்துக்கு முன்னால் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. மத்தியானம் வர வேண்டியவள் வரவில்லை. அடுப்பில் வெங்காயத்தை வைத்துவிட்டு சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்திருக்கிறார் மனிதர். நான் நனைந்து வந்து சேர்ந்தபோது வீடெல்லாம் புகை. வெங்காயம் கரியாகக் கிடந்தது. வேறு வெங்காயமும் இல்லை. நான் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதிலேயே தண்ணீரை ஊற்றி, எலும்பைப் போட்டு, கொதிக்கவிட்டுக் கொடுத்தார். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, நாளைக்கும் இதே மாதிரி கருக்குப்பா என்று சொன்னவன் நீ. அந்த வெங்காயம் கருகியது எனக்காகக் காத்திருந்ததில். இப்போது நான் உனக்காகக் காத்திருந்து கருக்கியதாக ஊரெல்லாம் படிக்கிறது.

வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் வரட்டும். போவதா இருப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் ஒரு தடவை போன் பண்ணு. போ என்றும் சொல்ல வேண்டாம், இரு என்றும் சொல்ல வேண்டாம். அம்மா என்று கூப்பிடு, போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

உயிரோடு இருக்கும்
உன் அம்மா


வியாழக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

என் கடிதம் உன் கைக்கு வந்ததா தெரியவில்லை. நீ போன் செய்யவில்லை. நேற்று முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போகும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். சரி, இதுதான் பதில் போலிருக்கிறது என்று இன்று காலை பையைக் கட்டினேன். உன் சித்தி வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையும் கையுமாகக் கதவைத் திறக்கிறேன், வாசலில் காமிரா நிற்கிறது.

நாளைக்கு மழை வருமாம். இன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். அதனால் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம். கேள்வி கேட்க ஒரு பெண், காமிராக்காரன், அவர்களுக்குப் பின்னால் இன்னொரு பெண். யாரென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவள்தான் என்னைக் கொன்றவள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன் வயதுகூட இருக்காது. 

நீங்க யாரும்மா என்று கேட்டாள் டிவிக்காரி.  நான்தான்டி அவனைப் பெத்தவ என்று வாய்வரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது. அப்போது போனில் நடுங்கிய உன் குரல் காதில் கேட்டது. அவன் அம்மாவோட தங்கச்சி, ஊர்லேர்ந்து வீட்டைப் பாத்துட்டுப் போக வந்தேன் என்று சொல்லிவிட்டேன். கையில் பை இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுவரில் நானும் உன் அப்பாவும் இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, அக்காவும் நீங்களும் ஒரே அச்சு என்றாள்.

உள்ளே கூட்டிப்போய் அடுப்பின் முன்னால் நிறுத்தினார்கள். உங்க அக்கா எப்படிச் சமைப்பாங்கன்னு கொஞ்சம் உருக்கமாச் சொல்லுங்க என்றாள். என் அக்காவுக்கு அடுப்புப் பத்தவைக்கவே வராது, சமைச்சதெல்லாம் மாமாதான் என்றேன். கட்டிய நாளிலிருந்து இங்க பாருங்க, இங்க பாருங்க என்றே கூப்பிட்ட மனிதரை முதல் தடவையாக மாமா என்கிறேன். படத்தில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகு மழை, பாலம், கருகிய வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போனவளைப் பற்றிப் பேசுவது எத்தனை சுலபம் தெரியுமா? காமிராக்காரன் காமிராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றான். அப்ப உங்க அக்காவுக்கு என்னதான் தெரியும் என்று டிவிக்காரி கேட்டாள். பஸ் ஓட்டத் தெரியும் என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தையற்காரர் வந்து நிற்கிறார், கையில் அந்த மறுப்புக் கடிதத்தோடு. வாயைத் திறந்துவிட்டார். விளம்பரப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்திக்கொண்டு, வாங்க, என் அக்காவைப் பத்திக் கேக்க வந்திருக்காங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க என்று அவர் கண்ணைப் பார்த்தேன். மனிதர் என்னைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். நல்ல மனுஷிதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்றார். இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சமயம் பார்த்துச் சொல்லிவிட்டார். அவரை நாளைக்குக் கவனித்துக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது டிவிக்காரி கடைசியாக ஒன்று கேட்டாள். கடைசி நாள்ல உங்க அக்கா மகனைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா என்றாள். அதற்கு நான் எதையும் தயாராக வைத்திருக்கவில்லை. ஒண்ணும் சொல்லல, போன் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தா என்று வந்துவிட்டது.  காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. அதை வெட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அவர்கள் இறங்கிப் போகும்போது விளம்பரப் பெண் மட்டும் பின்தங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, மன்னிச்சிடுங்க என்றாள். சித்தின்னு கூப்பிடு, காமிரா இன்னும் படியிறங்கல என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். அவள்மேல் வைத்திருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. உன்மேல் உள்ளது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாம். அதற்குமுன் சனிக்கிழமை உன்னையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களாம். என்னைப் பற்றிக் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொள், பரவாயில்லை, பிழைப்பு அப்படி. வெங்காயத்தைப் பற்றிக் கேட்டால் உன் அப்பாவைச் சொல்லிவிடு. நான் முதலில் சொல்லி வைத்துவிட்டேன், நீ சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் கரண்டியை அவருக்கே கொடுத்துவிடு கண்ணா. எனக்கு அது போதும்.

இனி நானாக உனக்குப் போன் செய்யப் போவதில்லை. பக்கத்தில் யார் இருப்பார்களோ, உன் போனில் அம்மா என்று எழுத்து வந்து நின்றால் நீ என்ன சொல்லிச் சமாளிப்பாய்? அந்தப் பெயரை முதலில் மாற்று. சித்தி என்று போட்டுக்கொள்.

கூட்டம் குறைந்து, பத்திரிகைக்காரர்கள் உன் ஹோட்டலை விட்டு இன்னொரு ஹோட்டலைப் பற்றி எழுத ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வா. சூப் நீதான் வைக்க வேண்டும், என்னை நம்பி வராதே. வாசலில் நின்று மணி அடிக்காமல் வாயால் கூப்பிடு. கீழ் வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

நீ வந்து கூப்பிடும்வரை,
உன் சித்தி