மூன்றாவது வீட்டுப் பால்

விலாரின்யோ,
1287 செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். விடிந்ததும் கழுதைக்காரன் சாந்தரேமுக்குக் கிளம்பிவிடுவான்.

உங்கள் பேரன் லோப்புவுக்கு ஏழு மாதம். இன்று மூன்றாவது வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிரபு வீட்டுக் குழந்தை எந்தக் குடியானவன் வீட்டில் பால் குடிக்கிறதோ, அந்த நிலத்தில் அரசரின் வரிக்காரன் கால் வைக்க முடியாது, அது நமக்கு அடங்கியதாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வீடு என்றால் வழக்கம். நீங்கள் ஆறு வீடு குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒருத்தியின் வாசனை பழகுவதற்குள் அடுத்தவள். பிள்ளைக்குத் தொடையெல்லாம் சுருங்கிவிட்டது.

இந்த வீட்டு டொமிங்காவுக்கும் கைக்குழந்தை இருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ராஜாவோட ஆளு வருஷத்துக்கு ஒரு ஆடுதாம்மா கேட்டான். உங்க பிள்ள ராப்பகலா கேக்குது."

இவன் அப்பா இறந்த பிறகு எனக்கு இவன் ஒருவன்தான். இத்தோடு போதும் என்று காரியஸ்தருக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஆல்டாரா

சாந்தரேம்,
செப்டம்பர் 29

மகள் ஆல்டாராவுக்கு ஆசிகள்.

உன்னை மடத்தில் சேர்த்து எழுதப் படிக்க வைத்தது நான்தான், அனுபவிக்கிறேன். முழங்கால் வீக்கத்தோடு அரண்மனை வாசலில் நாள் முழுக்க நிற்கிறேன். வசந்தம் வந்தால் எந்த நிலம் யாருக்கு அடங்கியது என்று அரசரின் விசாரணைக்காரர்கள் வீடு வீடாகக் கேட்பார்கள். அதற்குள் ஆறு வீடும் முடிய வேண்டும். எல்லாம் யாருக்காக? லோப்புவுக்குத்தானே.

நானும் நான்கு வீட்டில் பால் குடித்தவன். அந்த நான்கு பேரில் ஒருத்தி முகமும் நினைவில்லை, ஒருத்தி சாவுக்கும் போனதில்லை. கல் மாதிரி இருக்கிறேன். வீணாகப் பயப்படாதே.

சுவேய்ரு

டொமிங்கா வீடு,
அக்டோபர் 17

அப்பா,

வியாழக்கிழமை நான்காவது வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு காரியஸ்தர் வந்தார். லோப்புவை வாங்க நானே கை நீட்டினேன். என்னைப் பார்த்து அலறி, டொமிங்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு நான் யாரோ. எனக்குப் பால் இருந்தாலாவது வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போயிருப்பேன். அவன் பிறந்த வாரமே மார்பைக் கட்டி வற்றவைக்கச் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன்.

அதனால் கம்பளியை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டேன். அவள் என் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அவள் பிள்ளையை நான் வைத்திருக்கிறேன். "பெரிய வீட்டம்மா, தொட்டிலத்தான் ஆட்டணும், எங்க வீட்ட இல்ல" என்று கேலி செய்கிறாள். நேற்று லோப்பு என் விரலைப் பிடித்தபடி தூங்கினான்.

"ஐயாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார் காரியஸ்தர். நானே எழுதிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். லோப்பு இங்கிருந்து நகர மாட்டான். மீதி மூன்று வீட்டு நிலமும் அரசருக்கே வரி கட்டட்டும்.

கல் மாதிரி இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை பிள்ளையை நினைத்துத்தான் அழுதுகொண்டிருந்தேன். அதைப் படித்த பிறகு உங்களை நினைத்தும் அழுதேன்.

இவன் பால் மறந்ததும் நாங்கள் திரும்பி வர உங்கள் வீட்டில் இடம் உண்டா, இல்லையா? எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஆல்டாரா