செல்வி பந்தைப் பிடித்தாள்

ஆனி 12, வியாழன்

என் வீட்டுக்காரர் காலமான பிறகு என் மாலைப்பொழுதெல்லாம் நம் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியோடுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். கோல்கீப்பரோ கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். ஹாக்கிக்குப் பேர்போன இந்த ஊரில் வேறு யார் கிடைப்பார்கள்? ஹாக்கி கோல்கீப்பர்தான். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் செல்வியைக் கொண்டுவந்து நிறுத்தினார் கோச். இன்றைய பயிற்சியில் அவள் ஹாக்கிப் பழக்கத்தில் வந்த பந்தையெல்லாம் காலாலேயே தள்ளினாள். ஏழு கோல் உள்ளே போனது.

"இது தேறாது தம்பி, வேற ஆளப் பாருங்க" என்றேன் கோச்சிடம்.

அப்போது ஆலையில் அவளோடு லோடு ஏற்றும் மாரியம்மாள் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினாள்: "ஏட்டி, நான் வீசுத தீப்பெட்டிப் பண்டல லாரி மேல நின்னு காலாலயா தள்ளுதே? கையாலதானே பிடிக்கே! அதே மாதிரி பிடிட்டி!"

செல்வி சிரித்துவிட்டாள். அடுத்த பந்து அவள் நெஞ்சில் வந்து அடங்கியது. அதற்கடுத்ததும். கடைசிப் பந்தை மூலைக்குப் பாய்ந்து பிடித்து, முகமெல்லாம் கரிசல் புழுதியோடு எழுந்தாள்.

"வேற ஆள் பாக்கணுமாம்மா?" என்று கேட்டார் கோச்.

இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். கான்வென்டில் படிக்கும்போது இதற்காகத்தான் மதர் என்னை முட்டிபோட வைத்தார். எழுபத்திரண்டு வயதிலும் சத்தம் அப்படியே இருக்கிறது.