அந்த வேரை நிறுத்திவிடு, ஆஹிங்

அன்பு மகள் ஆஹிங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குளத்து மீன்களும் சுகம். அந்த வடக்குப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று காலையில் ஊதுவத்தி கொளுத்தும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மற்ற சேதிக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் விடிந்ததும் ஜின்செங் வேரைக் காய்ச்சிக் குடிக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, மருந்து வேலை செய்கிறது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதை இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு நிறுத்திவிடு. அது மருந்து வேலை செய்வதல்ல, உடம்பு வேண்டாம் என்று கெஞ்சுவது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது, திட்டுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

நீ எங்களுக்கு அனுப்பிய வேர் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். நீ வருந்துவாய் என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்லாவிட்டால் தப்பு. பெட்டியைத் திறந்து, வேர் காயாமலிருக்கச் சுற்றியிருந்த பாசியை விலக்கியதும் உன் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையும் காலும் நீட்டிக்கொண்டு தூங்கும் குழந்தை மாதிரி இருந்தது அது. கடிகாரத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்து, குளிரும் என்று என் கைக்குட்டையை எடுத்துப் போர்த்திவிட்டார். நானும் சும்மாயிருக்காமல் போகும்போதும் வரும்போதும் அதோடு இரண்டு வார்த்தை பேசினேன். நம் வீட்டில் ஒரு பிள்ளை திரும்ப வந்து படுத்திருப்பது போல் சில நாள் இருந்தது. குளிர்காலத் திருநாள் வந்தது. அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் சத்து சூப் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு அப்போது சளியும் லேசான காய்ச்சலும். இன்னொரு நாள் பார்க்கலாமே என்றேன். திருநாளுக்குச் சத்து சூப் குடிக்காதவனுக்கு வருஷம் முழுக்க உடம்பு ஏறாதுன்னு ஊரே சொல்லுது, அதுவும் பொண்ணு அனுப்பினதைக் குடிக்கலேன்னா அவ முகம் வாடிடும்டீ என்று கிழட்டுக் கோழியோடு முழு வேரையும் போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தை நக்கித் துடைத்தார். இவ்வளவு தூரத்திலிருந்து உன் முகம் வாடுவது அவருக்கு எப்படித் தெரியுமோ.

மத்தியானம் அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை, மூக்கில் ரத்தம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பனிமூட்டத்துக்குள்ளே நம்ம கெண்டை மீனெல்லாம் குளக்கரை மல்பெரிச் செடி மேல ஏறி மேயுது பாரு என்றார். சிரித்தேன், சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வந்துவிட்டது. மருந்துக்கடை லாய் ஓடி வந்து நாடி பார்த்தாள். என்னண்ணே இது, திருடன் வீட்டுக்குள்ள இருக்கான், நீங்க கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுட்டீங்களே, ஜலதோஷம் இனி எந்த வழியாப் போகும், என் கஷாயத்தை நம்பி உட்கார வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்க அண்ணி என்றாள். படகில் போகும்போது இரண்டு கரையும் தெரியவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று புரியாத வெள்ளைக்குள் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. விட்டால் அவரும் அந்த வெள்ளையோடு கரைந்துவிடுவார் என்று தோன்றி, கரை வரும்வரை அவர் கையை விடவில்லை. ஊசி போட்டு, கண்காணித்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், கஞ்சியில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடும் அளவுக்கு.

அவர் உடம்புதான் உனக்கு. சின்னதிலிருந்தே கை கால் சில்லிட்டு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு மந்தமாகும் உடம்பு. உன் பக்கத்து வீட்டுக்காரி இதே வேரைக் குடித்துப் பிள்ளை பெற்றாள் என்கிறாய். நீ அனுப்பிய போட்டோவில் அவள் தோளைப் பார்த்தேன், மாட்டுக்குப் பதில் அவளையே ஏரில் பூட்டலாம். அவள் அளவு உனக்கு எதற்கு? லாயிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அணையப்போற அடுப்புல பெரிய கட்டையைத் திணிச்சா எரியுமா அண்ணி, புகைதான் வரும், முதல்ல சுள்ளி போடணும் என்றாள். சுள்ளி என்றால் அரிசிக்கஞ்சி, இரண்டு செம்பேரீச்சை, ஒரு துண்டு வள்ளிக்கிழங்கு. வயிறு பழகட்டும். அதற்கப்புறம் மூலிகை வேண்டுமானாலும் உன் நாடியைத் தொட்டுப் பார்த்தவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும், குறைந்த அளவில் ஆரம்பிக்கட்டும், சளி காய்ச்சல் என்றால் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கேள். உனக்கு அங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையோடு இதையும் குடித்துவந்தேன் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். படபடப்பையும் சொல், நாளைக்கு என்று தள்ளாதே. டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள், திட்டு உடம்பில் ஒட்டாது.

நீ ஏன் குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? வசந்தத்தில் உனக்குக் கலைந்ததிலிருந்து ஒரு கடிதத்திலும் நீ சிரிக்கவில்லை. இதில் பெரியப்பா வேறு, நம்ம வம்சத்துக்கு ஒரு விளக்கு வேணாமா என்று உனக்கு எழுதினாராம். நேற்று வந்தபோது, விளக்கு வேணும்னா கடைத்தெருவுல விக்குது, வாங்கிக்குங்க, என் பொண்ணைத் திரியாக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். தேநீரைக்கூடக் குடிக்காமல் போனார். போகட்டும்.

உன் நெஞ்சு அடங்கி, தூக்கம் திரும்பி, சோறு ருசிக்கட்டும் என்று அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. கால் ஈரத்தோடு படுக்காதே. நிறுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, வேறு எதுவும் எழுத வேண்டாம், அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. இனி ஒரு குழந்தை வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நம் வீட்டில் எதுவும் குறையாது. பாட்டியாக வேண்டும் என்று நான் உன்னைப் பெறவில்லை ஆஹிங், நீதான் வேண்டும் என்று பெற்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா லூ சாய்யிங்