மூலை உடைந்த முன்பல்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பான அத்தைக்கு,

பிரிசில்லா எழுதுவது. கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். போன் செய்தால் மேகலாதான் எடுக்கிறாள். "அம்மா தூங்குறாங்க அண்ணி" என்கிறாள். எந்த நேரம் கூப்பிட்டாலும் அதையே சொல்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. கடிதம் என்றால் எடுத்துப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது, பிடித்து வைக்கிறேன். பல் செய்யும் லேபுக்குப் போகிறேன், வருகிறேன். ஜோசுவா இல்லாவிட்டாலும் அவர் டிபன் டப்பாவையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன், கை பழகிவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை அத்தை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டது மாதிரி இருக்கிறது. ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் பல் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஜோசுவாவோடு பைக்கிலிருந்து விழுந்ததில் உங்களுக்கு மேலே நடுவில் இரண்டு பல் போய்விட்டது. டாக்டர் இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அதன்மேல் தற்காலிகப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார். அது சும்மா கொஞ்ச நாளைக்குத்தான். கழன்று விழுந்தால் ராவிய பல் நகர்ந்துவிடும், செய்து வைத்திருக்கும் பல் பிறகு உட்காராது. திரும்பவும் முதலிலிருந்து ராவ வேண்டும். "அவனே போய்ட்டான், எனக்கு இன்னாத்துக்குப் பல்லு" என்று சொல்லிவிட்டு அரக்கோணம் வண்டி ஏறிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் கஞ்சி மட்டும் குடிப்பதாக மேகலா சொன்னாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் கேஸ் எங்கள் லேபுக்கே வந்தது. கேட்டு நானே வாங்கிக்கொண்டேன். ஒரு பல் போயிருந்தால் பக்கத்துப் பல்லைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்துவிடலாம். இரண்டும் போனால் பழைய போட்டோ வேண்டும். வீட்டில் இருக்கிற ஆல்பம் எல்லாம் பார்த்தேன். ஒன்றிலாவது நீங்கள் பல் தெரியச் சிரித்திருக்க வேண்டுமே. கல்யாணப் படத்திலேயே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ திட்டியது மாதிரி நிற்கிறீர்கள். மற்ற படங்களில் முந்தானை வாயில் இருக்கிறது.

அப்புறம்தான் நினைவு வந்தது. லேபில் ஸ்கேனர் வாங்கிய புதிதில், பழகுவதற்காக உங்கள் பிள்ளையை உட்காரவைத்து வாயை ஸ்கேன் எடுத்திருந்தேன். "இன்னா பிரிசி, எம் பல்லுல தங்கம் தேடுறியா" என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தார், இரண்டு முறை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு உங்கள் வாய் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஸ்கேனிலிருந்து அவருடைய இரண்டு முன்பல்லையும் கம்ப்யூட்டரில் எடுத்து, உங்கள் பல் போன இடத்தில் வைத்தேன். ஒரு மயிரளவு குறுக்கினேன், அவ்வளவுதான். இந்தப் பல்லுக்கு வேர் கிடையாது. அடிப்பக்கம் ஈறைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. அதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

பல் வெட்டும் மெஷினிலிருந்து வந்ததை மக்பூல் பாய்தான் முதலில் பார்த்தார். எங்கள் லேபில் பீங்கான் பூசுகிறவர். "இன்னாம்மா, புதுப் பல்லுல மூலை ஒடஞ்சிருக்கு, மெஷின் பேஜார் பண்ணுதா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். சோடா மூடியைப் பல்லால் திறந்து உடைத்துக்கொண்டு வந்து உங்களிடம் திட்டு வாங்கினாரே, அந்த மூலை. வரையும்போது அதைச் சரி செய்திருக்க வேண்டும். பல்லை வரைகிறவள் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். எனக்கு அது உடைசலாகவே தெரியவில்லை. தினம் பார்த்த பல் அத்தை, அது அப்படித்தான் இருக்கும்.

மக்பூல் பாயிடம் சொன்னேன். "அவங்களையே கேட்டுக்கோம்மா. மூடறது சின்ன வேலை" என்று டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அது என் மேஜையில் இருக்கிறது. மூடிவிடலாம் என்று எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன்.

நீங்கள் வர வேண்டும் அத்தை. போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். மூடச் சொன்னால் மூடித் தருகிறேன். அப்படியே விடச் சொன்னால் விடுகிறேன். வாயில் ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது. இதை நான் ஒருத்தியாக முடிவு செய்யக்கூடாது. அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று என் அளவுக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பைக்கில் கூப்பிட மாட்டேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகலாம், மெதுவாகப் போகச் சொல்கிறேன். டாக்டர் நாற்காலியில் உட்காரும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக ஆம்பூரில் இறக்கிவிடட்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், முந்தானையால் வாயை மூடாமல் என்னைப் பாருங்கள்.

இன்றைக்கும் உங்கள் மருமகள்,
பிரிசில்லா