பெட்டிச் சாப்பாடு போதுமா என்று நீ கேட்டதற்கு

மயிலாடி,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

என் அன்பு மகள் ஜினிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் நம் வீடும் விழாமல் நிற்கிறோம். அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை அபினேஷும் பாப்பாவும், ஐந்தே மாதம் என்று சொல்லி என்னிடமிருந்து நீ கூட்டிப்போன உன் அம்மாவும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுகிறாய், நான் சத்தம் போடுகிறேன், நடுவில் உன் அம்மா போனை வாங்கிச் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். ஆகையால் நாலு பக்கம் எழுதிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பெரிதாக்கிக் கடைசிவரை படி. பாதியில் நிறுத்திப் பதில் போடாதே.

இங்கே பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் இந்த முறை கடைசி வயல் வரை வந்தது, நம் நெல்லும் கதிர் தள்ளிவிட்டது. மேலே தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் காற்று கொண்டுபோனதால் புதிது போட்டேன். முட்டுவலி போனமாதம் போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ வேலைக்குத் திரும்பியாயிற்று, பாப்பாவுக்குக் காப்பகத்தில் ஏப்ரலில்தான் இடம் கிடைக்கும், ஆகவே பெட்டிச் சாப்பாடு அப்பாவுக்குச் சரிப்பட்டுவிட்டதென்றால் இருபதாம் தேதி புறப்பட வேண்டிய அம்மாவின் டிக்கெட்டை மூன்று மாதம் தள்ளிப்போடட்டுமா என்று கேட்டிருந்தாய். என் பதில், பெட்டி சரிப்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

நீ அங்கிருந்தே பணம் கட்டி ஏற்பாடு செய்தபடி, சமைக்க வேண்டிய சாமானையெல்லாம் அளந்து கட்டிய பெட்டி செவ்வாயும் சனியும் நாகர்கோவிலிலிருந்து வருகிறது. நேரம் தவறுவதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். திறந்தால் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பை, பைக்குள் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பொட்டலங்கள். கடுகுக்கு ஒரு பொட்டலம், நாலு கறிவேப்பிலை இலைக்கு ஒரு பொட்டலம். பின்வாசலில் கறிவேப்பிலை மரம் நிற்கும் வீட்டுக்குப் பிளாஸ்டிக்கில் கட்டிய கறிவேப்பிலை. ஒற்றை ஆளுக்குப் பெட்டியே கிடையாதாம், குறைந்தது இரண்டு பேராம். நான் மத்தியானம் ஒருவன், ராத்திரி அந்த இரண்டாவது ஆளும் நானே. கூடவே ஒரு அட்டை, அதில் எந்தப் பொட்டலத்தை எப்போது போடுவது, எத்தனை நிமிடம், எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. உனக்குத் தெரியும், நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுவதைப் புத்தகத்தைப் பார்த்து நானே படித்தேன், முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு சுற்றுகூட எண்ணிக்கை தப்பியதில்லை. ஆகவே அட்டையில் இருப்பதைச் சொல் பிசகாமல் செய்தேன். செய்தால் தக்காளி சோறு களியாக வந்தது, புலாவ் கஞ்சியாக வந்தது, எல்லாவற்றிலும் உப்பு கூடுதல். கம்பெனிக்கு எட்டு மெயில் எழுதினேன், என் இங்கிலீஷில்தான் எழுதினேன். இரண்டு தடவை மாற்றுப் பெட்டி அனுப்பினார்கள், அதுவும் களிதான்.

கடைசியில் அவர்கள் ஆபீஸிலிருந்து பிரிஜா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நல்ல வாய். உங்களுக்க எட்டு மெயிலயும் படிச்சாச்சு அங்கிள், இப்ப உங்க பேரு வந்தாலே எங்க மேனேஜர் டீ குடிக்க எறங்கிப் போயிருதாரு என்றாள். பையிலிருந்து தராசை எடுத்து அரிசிப் பொட்டலத்தை நிறுத்தாள், இம்மியும் குறையவில்லை. சரி, நீங்க சமையுங்க, நான் வாயத் தொறக்கல்ல என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன், ஒரு பிடி அரிசியை எடுத்துப் பிடியரிசி டின்னில் போட்டேன், மீதியைக் கழுவப் போனேன். நில்லுங்க அங்கிள், அந்த அரிசி எங்க போவுது என்றாள். கர்த்தருக்கு என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. கர்த்தருக்குக் குடுங்க, நான் வேண்டாங்கல்ல, ஆனா அட்டைக்கு அது தெரியாதுல்லா, அது முழு அரிசிக்கும்லா தண்ணி சொல்லியிருக்கு என்றாள்.

உன் அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவதை நீயும் பார்த்து வளர்ந்தாய். மாதக் கடைசி ஞாயிறு அது சபைக்குப் போகும், ஏலம் விட்ட பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு. விமானம் ஏறும் அன்றும் அவள் என்னிடம் சொன்னது மாத்திரையை அல்ல, பிடியரிசியை மறக்காதீங்க என்பதைத்தான். நம் வீட்டில் நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கிறோம், ஒரு பிடி குறைந்தால் சோற்றுக்குத் தெரியாது. குக்கரில் அளந்து ஊற்றும் பெட்டிச் சோற்றுக்குத் தெரிந்துவிட்டது. என் கையும் உன் அம்மா கையைவிடப் பெரிய கை. வீட்டு அரிசியில ஒரு பிடி டின்னுல போடுங்க, பெட்டி அரிசியத் தொடாதிய என்று பிரிஜா வழி சொன்னாள். முடியாது என்றேன். எதைத் தின்கிறோமோ அதில்தான் எடுக்க வேண்டும், நான் புலாவ் தின்றுவிட்டு ஆண்டவருக்கு ரேஷன் அரிசியா. அதனால் இதைப் பிழை என்று நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு பிடி எடுத்தால் தாங்காத சாப்பாட்டைக் கட்டி அனுப்புகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, நம் தெருவில் பிடியரிசி சேர்க்க வரும் சபிதா டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் பாசுமதி, சீரகசம்பா, சிவப்பரிசி எல்லாம் கலந்து கிடக்கிறது. மாமா வீட்டுல டெய்லி கல்யாணமா நடக்கு, எங்களுக்குச் சாப்பிட ஒரு விளி கூட இல்லியே என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த மாதம் ஏலத்தில் நம் அரிசிக்குத்தான் போட்டி.

அன்றைக்கு பிரிஜா முன்னாலேயே தண்ணீரையும் உப்பையும் என் கணக்குக்குக் குறைத்துப் போட்டேன், சோறு விரிந்து வந்தது, அவளும் ஒரு தட்டு தின்றாள். அதற்குப் பிறகு அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போன வாரம் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கி, தேங்காயை நானே துருவி, கருகிவிடுமோ என்ற இடம் வரைக்கும் வறுத்துத் தீயல் குழம்பு வைத்தேன். முதல் நாள் கசந்தது, இரண்டாம் நாள் கசக்கவில்லை. ஆகவே பெட்டியை இந்த வாரமே நிறுத்திவிடு. எனக்குத்தான் சொல்கிறேன், அங்கே நீ வாங்கும் பெட்டியை அல்ல. உன் அம்மா போனில், நான் இஞ்ச வந்து சும்மா இருக்கேன், அவ பெட்டியத் தொறந்து அட்டையப் பாத்து சமைக்கா என்று என்னிடம் குறைப்பட்டாள். ராத்திரி டியூட்டி முடிந்து கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்குப் பெட்டியில் வெங்காயம் நறுக்கி வருவது பெரிய உதவிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீயும் வாரத்தில் நாலு நாள் அடுக்களையை அவளிடம் விடு. நாலு என்றால் நாலு.

ஜினிஷா, எனக்கு வருத்தம் பெட்டியால் அல்ல. நீ என்னிடம் பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டாய். இன்னும் மூன்று மாதம் அம்மா இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா அப்பா என்று கேட்கவில்லை. என்னை வயிறு மட்டும் உள்ள ஆளாக நினைத்துவிட்டாயே என்று இருந்தது. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். சாயங்காலம் ஜெபத்தில் பாட்டுக்கு இரண்டாம் குரல் இல்லை, நான் முதல் சரணத்தோடு நிறுத்திவிடுகிறேன். ஆனால் புதன்கிழமை நீ டியூட்டியில் இருந்தபோது உன் அம்மா தனியாகப் பேசினாள். புள்ளைக்கு இப்பதான் கழுத்து நின்னிருக்கு, என்னக் கண்டா சிரிக்கா, விட்டுட்டு எப்பிடி வாறது, நீங்க சொன்னா வாறேன் என்றாள். வா என்று நான் சொல்லவில்லை. அவள் இருக்கட்டும். இது பெட்டிக்காக அல்ல, உன் அம்மாவுக்காகவும் எனக்கு இன்னும் கைக்கு வராத அந்தப் பேத்திக்காகவும். இதை மாப்பிள்ளையிடமும் இப்படியே சொல்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. பாப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அம்மாவின் பிரஷர் மாத்திரை ஏப்ரல் வரைக்கும் காணாது, அங்கே டாக்டரிடம் இப்போதே சீட்டு வாங்கு. டிக்கெட்டை மாற்றியதும் தேதியை எனக்கு எழுது. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்று சொல்லாதே, நாளும் நேரமும் வேண்டும். முந்தின நாளே மீனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அவள் வந்து இறங்கும் அன்று சமையல் என்னுடையது, அடுக்களைக்குள் அவள் வரக்கூடாது என்று இப்போதே சொல்லிவிடு.

என்றும் உன் நன்மையை நாடும் அப்பா,
ஜான்ரோஸ்