வெறும் வீடு என்று சொன்னேன்

மர்பி டவுன், பெங்களூரு

அன்புள்ள பிரபா கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் காலேஜ் ராம்கி நாளைக்கு அங்கே வர குவாஹாட்டி ரயில் ஏறுகிறான், அவன் கையில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதே. மழை விடவில்லை என்கிறாய், அரைகுறையாகக் காய்ந்த துணியை உடுத்தாதே. அப்பாவுக்கு இன்னும் நைட் டியூட்டிதான், முட்டி வலி பரவாயில்லை. மாவு வியாபாரம் எப்போதும் போல. உன் கம்பெனியைப் பார்க்க ஆபீஸர்கள் எந்த நாளும் வரலாம் என்றாயே, நானும் வாசலைப் பார்த்தபடியே இருக்கிறேன். புதிதாக இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், அப்பாவைக்கூட அதில் உட்கார விடுவதில்லை, தினமும் சாயந்திரம் துடைத்து வைக்கிறேன். வருகிறவர்கள் காபி குடிப்பார்களா டீ குடிப்பார்களா என்று கேட்டுச் சொல். சுப்ரியா நன்றாகப் படிக்கிறாள், ஆனால் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னவென்று நீ கேள்.

அக்கா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதியது, இனிமேல் நான். அம்மா தூங்கிவிட்டாள். பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்துவிட்டு அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன், அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. காலையில் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள், நிறைய எழுதியிருக்கே என்று சந்தோஷப்படுவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன், அதுவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

ஆபீஸர்கள் வந்தார்கள் அக்கா. போன வாரமே வந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உன் கம்ப்யூட்டர் கம்பெனிக்கென்று நீ மாட்டிவிட்டுப் போன 'தெருமொழி' போர்டும் அம்மாவின் இட்லி மாவு சிலேட்டும் நம் வாசலில் பக்கத்தில் பக்கத்தில்தானே தொங்குகின்றன. என் வகுப்பில் படிக்கும் தேஜஸ் ஸ்கூல் வேனிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, "ஏ சுப்ரியா, உங்க வீட்டு ரோபோ மாவு அரைக்குதா, பாக்கெட் போடுதா?" என்று கத்தினான். வேன் முழுக்கச் சிரித்தது. மாவு விற்கிற வீடு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கம்பெனி என்றாலும் சிரிக்க மாட்டார்கள், இரண்டும் ஒரே கதவில் இருந்தால்தான் சிரிக்கிறார்கள். அதனால் அம்மா கடைகளுக்கு மாவு பாக்கெட் போட அல்சூர் பக்கம் போகிற நேரத்தில் சிலேட்டை எடுத்து உன் போர்டு மேல் மாட்டிவிடுவேன், அவள் வருவதற்குள் திரும்ப எடுத்துவிடுவேன். அன்றைக்குக் காலையில் அப்படி மாட்டியதை எடுக்க மறந்து ஸ்கூலுக்குப் போய்விட்டேன், அம்மாவும் கவனிக்கவில்லை. சாயந்திரம் வேனை விட்டு இறங்குகிறேன், ஒரு மேடமும் ஒரு சாரும் நம் வாசலில் நின்று நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது, அம்மா வெளியே போயிருந்தாள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர், அப்பா பனியனோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மேடம் என்னைப் பார்த்து, "இல்லி ஒந்து கம்பெனி இதெயாம்மா?" என்று, இங்கே கம்பெனி இருக்கிறதா என்று, கன்னடத்தில் அன்பாகத்தான் கேட்டார். வேன் இன்னும் கிளம்பவில்லை, தேஜஸ் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். நான், "இல்லா மேடம், இது பரீ மனே" என்றேன். வெறும் வீடு என்று சொன்னேன் அக்கா. அந்த சார் கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டார், அதில் சிலேட்டும் சேர்ந்துதான் விழுந்திருக்கும். மேடம் மட்டும் போகும்போது, அந்தக் கம்பெனிக்காரர் யாராவது தெரிந்தால் சொல்லு என்று தன் கார்டை என் கையில் கொடுத்தார்.

லீவில் நீ வந்திருந்தபோது பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு லேப்டாப்பில் புதுக் கம்பெனிகளுக்கு உதவுகிற திட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தோமே. ஒன்றில் கம்பெனிக்கு வருமானம் வந்திருக்க வேண்டும், ஒன்றில் பணமே கிடையாது, கம்ப்யூட்டரை இலவசமாக ஓட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்னொன்று உதவி உதவி என்று ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் கம்பெனியில் பங்கு கேட்டது. நீ, "கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு கைய எனக்குக் குடுன்றானுங்கடி" என்று சொல்லி லேப்டாப்பை மூடினாய். பங்கே கேட்காத இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்தது நான்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து முகவரியைப் பார்ப்பார்கள் என்ற வரியைச் சத்தமாகப் படித்ததும் நான்தான். தமிழும் கன்னடமும் கலந்து பேசினால் எந்த மெஷினுக்கும் புரியவில்லை என்றுதானே நீ இதை ஆரம்பித்தாய், அதற்கு முதலில் தன் பேச்சைப் பதிவு பண்ணிக் கொடுத்தது அம்மாதானே. அதே மாதிரி கலந்து பேசித்தான் நான் உன் கம்பெனியே இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், பதிலே வரல, மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், இல்லன்னா பங்கு கேக்கறவர்கிட்டயே கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதான் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை என்னிடம் கொடுத்தபோது, பரீட்சை நல்லா எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா எதிரிலேயே இருந்தாள், போனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மேடத்தின் கார்டை இதோடு பின் பண்ணியிருக்கிறேன். அவருக்குப் போன் பண்ணு, வாசலில் நின்ற பெண் என் தங்கச்சி, அவள் பொய் சொன்னாள் என்று சொல்லிவிடு. திரும்ப வரச் சொல். என்னிடம் கேட்க வேண்டும் என்றால் நானே பேசுகிறேன், வேன் நின்றுகொண்டிருந்தாலும் பேசுகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். இன்று சாயந்திரமும் அவள் முந்தானையால் அந்த நாற்காலிகளைத் துடைத்துவிட்டு, நாளைக்கு வருவாங்க பாரு என்று என்னிடம்தான் சொன்னாள்.

அம்மா உனக்குச் சொன்ன ஆசீர்வாதத்தை இன்னும் எழுதவில்லை, நெஞ்சார வாழ்த்துகிறாளாம், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். சிலேட்டை அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன், போர்டில் ஒட்டியிருந்த மாவையும் துடைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
சுப்ரியா
தெருமொழி கம்பெனி ஆபீஸ்,
மர்பி டவுன், பெங்களூரு.